காலராவின் நஞ்சைக் கண்ட மேதை டாக்டர் சம்புநாத் டே

நாம் நாள்தோறும் கழுத்தில் அணிந்து வரும் அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். பெயர், வகுப்பு, பிறந்த நாள், முகவரி ஆகியவற்றுக்குக் கீழே நம் இரத்த வகை குறிக்கப்பட்டிருக்கும். ஏ, பி, ஏபி, ஓ என்னும் நான்கில் அது ஒன்று. விபத்து நேர்ந்தால் இரத்தம் ஏற்றுவதற்கு அது தேவை என்ற அளவில் மட்டுமே நாம் அதை அறிந்திருக்கிறோம். ஆனால் அந்த ஓர் எழுத்துக்கும், நம் முன்னோரை நடுங்க வைத்த காலரா என்னும் கொள்ளை நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை அறிந்தால் நமக்கு வியப்பு ஏற்படுகிறது அல்லவா?

அத்தொடர்பை உலகம் உணர்ந்துகொள்ள வழி திறந்தவர் நம் பாரத நாட்டைச் சேர்ந்த ஒரு மருத்துவர். அவரே டாக்டர் சம்புநாத் டே. அறிவியல் உலகம் நன்கறிந்த அப்பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். அவர்தம் வாழ்வையும் பணியையும் இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

ஊரை நடுக்கிய நோய்

நம் காங்கேயம் வட்டாரம் மழை குறைந்த மேட்டு நிலம். வாய்க்கால் பாசனமும் குழாய்த் தண்ணீரும் வராத காலத்தில் கிணறுகளையும் குட்டைகளையுமே மக்கள் நம்பியிருந்தனர். கோடையில் கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய்க் கலங்கும்போது வாந்திபேதி வந்துவிடுமோ என்ற அச்சமும் உடன் வரும். காலையில் காட்டு வேலைக்குப் போனவர் மாலைக்குள் துவண்டு மாண்டு போன கதைகளை நம் அம்மாயியும் அப்பத்தாவும் கூறக் கேட்டிருக்கிறோம். திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் கூடிய மக்களுக்குக் காலரா ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது.

இந்நோய் கண்டவருக்கு வயிற்று வலி பெரிதாக இராது. ஆனால் உடலிலுள்ள நீரெல்லாம் வாந்தியாகவும் பேதியாகவும் வெளியேறிவிடும். அரிசி களைந்த கழுநீர் எப்படி வெண்மையாகக் கலங்கி இருக்குமோ, அவ்வாறே அந்தப் பேதியும் இருக்கும். கடுமையாக நோயுற்ற ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரையும் இழக்க நேரிடலாம். கண் குழி விழும், தோல் சுருங்கும், நாடி தளரும். உரிய சிகிச்சை கிடைக்காவிடில் சில மணி நேரத்திலேயே உயிர் பிரியும்.

1817ஆம் ஆண்டு வங்காளத்திலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய இந்நோய், அதன் பின்னரும் பலமுறை கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. 1854இல் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இது அசுத்த நீரால் பரவுகிறது என்பதைக் காட்டினார். 1884இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் கல்கத்தாவில் தங்கி, காற்புள்ளியைப் போல் வளைந்த காலரா நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அந்நுண்ணுயிர் ஏதோ ஒரு நஞ்சைச் சுரந்துதான் மனிதனைக் கொல்கிறது என்பது அவர் கருத்து. எனினும் அந்நஞ்சை எவராலும் காட்ட முடியவில்லை. பற்பல நாடுகளின் அறிஞர்கள் அந்நுண்ணுயிரை விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்று அறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் சில வேளை இறந்தன. ஆனால் அவற்றுக்குக் காலரா வரவில்லை. இவ்வாறு 75 ஆண்டுகள் உருண்டோடின.

இளமையும் கல்வியும்

சம்புநாத் டே 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையாருக்குச் சிறு வணிகம். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. சிறுவன் படிப்பில் கெட்டிக்காரனாக இருப்பதைக் கண்டு உறவினர் ஊக்கம் அளித்தனர். கிராமத்துப் பள்ளியில் சிறப்பாகத் தேறி, உதவித்தொகையுடன் ஹூக்ளி மோஷின் கல்லூரியில் பயின்றார். பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1939இல் மருத்துவப் பட்டமும், 1942இல் வெப்பமண்டல நோய்களுக்கான பட்டயமும் பெற்றார்.

நோயாளிகளுக்கு மருந்து எழுதிக் கொடுத்தே அவர் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். ஆனால் நோய் எவ்வாறு உண்டாகிறது என்ற கேள்வியே அவர் மனத்தை ஈர்த்தது. எனவே நோய்க்குறியியல் துறையில் ஆசிரியரானார். நோயின் மூலத்தை முதலில் ஆராய்ந்து அறிய வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்திய நெறியிலேயே இந்த வங்க மருத்துவரும் நடந்தார் எனலாம்.

1947இல் அவர் இலண்டன் சென்று, ராய் கேமரன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, நுரையீரலுக்குள் நீர் எவ்வாறு கசிந்து நிறைகிறது என்பது. 1949இல் முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். உடலின் ஓர் உறுப்புக்குள் நீர் பெருகும் விதத்தைக் கூர்ந்து பார்த்துப் பழகிய அந்தக் கண்கள், கல்கத்தா மருத்துவமனைகளில் காலரா நோயாளியைப் புதிய முறையில் நோக்கின. நீர் வெளியேறும் இடம் குடல். அப்படியானால் நோயின் இரகசியத்தையும் குடலில்தானே தேட வேண்டும்?

முயலின் குடலில் ஒரு முடிச்சு

இன்று எண்ணிப் பார்த்தால் இது எளிய எண்ணமாகத் தோன்றும். ஆனால் 70 ஆண்டுகளாகப் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் இது வேரூன்றவில்லை.

டே அவர்கள் ஒரு முயலை மயக்கமுறச் செய்து, அதன் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டினார். பூத்தொடுக்கும்போது நாம் இரு முடிச்சுகளுக்கு இடையே பூவை நிறுத்துவதைப் போன்றது அது. அவ்விரு முடிச்சுகளுக்கும் நடுவே காலரா நுண்ணுயிர்களைச் செலுத்தி, குடலை மீண்டும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கட்டிய அப்பகுதி நீர் நிறைந்து பலூனைப் போல் உப்பியிருந்தது. உள்ளே இருந்தது கழுநீர் போன்ற அதே நீர்! நுண்ணுயிர் செலுத்தப்படாத பகுதியோ வெறுமையாகக் கிடந்தது. காலராவை ஒரு விலங்கின் குடலில் கண்கூடாகக் காட்டும் முறை இவ்வாறு கிடைத்தது. தம்முடன் உழைத்த சட்டர்ஜி என்பவருடன் சேர்ந்து 1953இல் இதனை வெளியிட்டார்.

அடுத்த கேள்வி எழுந்தது. நீரைப் பெருக்கியது அந்த நுண்ணுயிரா, அல்லது அது சுரந்த பொருளா? இதனை அறிய, காலரா நுண்ணுயிர் வளர்ந்த திரவத்தை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, ஓர் உயிர் கூட இல்லாத தெளிந்த நீரை எடுத்தார். அதை மட்டும் முயலின் குடல் முடிச்சில் செலுத்தினார். மறுநாள் குடல் முன்போலவே உப்பியிருந்தது. நுண்ணுயிர் ஒன்று கூட இல்லை, ஆயினும் காலரா வந்துவிட்டது. இராபர்ட் காக் ஊகித்த நஞ்சு கடைசியில் அகப்பட்டது.

1959ஆம் ஆண்டு மே மாதம் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் இச்செய்தி வெளிவந்தது. அதே காலத்தில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் தத்தா என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் முயல் குட்டிகளைக் கொண்டு இத்தகைய முடிவையே எய்தினர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். முக்கால் நூற்றாண்டுப் புதிரை அவிழ்த்த பெருமை நம் நாட்டுக்கே உரியதாயிற்று.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ. கோலி என்னும் வேறொரு நுண்ணுயிரையும் 1956இலேயே இம்முறையில் சோதித்து, அதிலும் சில இனங்கள் குடலில் நீரைப் பெருக்குகின்றன என்று அவர் காட்டியிருந்தார். இவை அனைத்தும் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி, கல்கத்தா மருத்துவக் கல்லூரி, போஸ் ஆய்வு நிறுவனம் ஆகிய கல்கத்தா நிறுவனங்களிலேயே நடந்தன. விலையுயர்ந்த கருவிகள் அவருக்குத் தேவைப்படவில்லை. முயலும் நூலும் வடிகட்டியும் தெளிந்த சிந்தனையுமே அவர் கருவிகள்.

சர்க்கரையில் ஒளிந்திருந்த விடை

நஞ்சு கிடைத்ததும் உலகெங்கும் ஆராய்ச்சி விரைந்தது. 1969இல் அமெரிக்க அறிஞர்கள் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதன் வடிவமும் பின்னர்த் தெரிய வந்தது. ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒரு வளையமும், அதன் மேல் அமர்ந்த ஒரு தனித் துண்டும் கொண்டது அந்நஞ்சு. வளையத்தின் வேலை குடல் சுவரைப் பற்றிக்கொள்வது. தனித்துண்டின் வேலை உயிரணுவுக்குள் நுழைந்து, உப்பையும் நீரையும் அடக்கி வைத்திருக்கும் மடையை மூட முடியாதபடி திறந்துவிடுவது. வாய்க்கால் மடையை உடைத்துவிட்டால் வயலில் நீர் நிற்குமா?

அந்த வளையம் குடல் சுவரில் எதைப் பற்றிக்கொள்கிறது? இங்கேதான் சர்க்கரை வருகிறது. சர்க்கரை என்றதும் நம் நினைவுக்கு வருவது காப்பியில் இடும் சீனி. ஆனால் நம் உயிரணுக்களின் புறத்தே பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மணிமாலையைப் போல் கோக்கப்பட்டுத் தொங்குகின்றன. அத்தகைய ஒரு சிறு மாலையைத்தான் காலரா நஞ்சு தேடிப் பிடிக்கிறது என்பதை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர்.

நம் இரத்த வகையும் இத்தகைய சர்க்கரை மாலையே. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் வியன்னாவில் இரத்த வகைகளை முதன்முதலாக விளக்கி, அதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஓ வகையினரின் மாலை ஒரு குறிப்பிட்ட மணியோடு முடிகிறது. ஏ வகையினருக்கு அதன் மேல் ஒரு சர்க்கரை மணி கூடுதலாக உண்டு. பி வகையினருக்கு அவ்விடத்தில் வேறொரு மணி. ஏபி வகையினருக்கு இருவகை மாலைகளும் உண்டு. நான்கு வகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இவ்வளவுதான்! இம்மாலைகள் இரத்தத்தில் மட்டும் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு உமிழ்நீரிலும் குடலின் உட்சுவரிலும் இவை உள்ளன.

1977ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் ஒரு புதிய செய்தியைக் கூறின. காலரா நுண்ணுயிர் எல்லா வகையினரையும் தொற்றுகிறது. ஆனால் தொற்றிய பின், ஓ வகையினருக்கு நோய் கடுமையாவது மிகுதி. ஏபி வகையினருக்குக் குறைவு. காலராவின் தாயகமான கங்கைச் சமவெளிக் கழிமுகத்தில் ஓ வகையினர் உலகின் பிற பகுதிகளை நோக்கக் குறைவாகவே உள்ளனர். பல நூற்றாண்டுகளாக இந்நோய் அவ்வகையினரை மிகுதியாக வாரிக்கொண்டு போனதே காரணமாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

ஒரே ஒரு சர்க்கரை மணியால் இவ்வளவு வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது? 2016இல் நார்வே நாட்டின் ஓஸ்லோ பல்கலைக்கழக அறிஞர்களும் அவர்தம் கூட்டாளிகளும், எக்ஸ் கதிர்ப் படங்களின் மூலம், நஞ்சின் வளையத்தின் பக்கவாட்டில் இரத்த வகைச் சர்க்கரைக்கென ஒரு தனிப் பள்ளம் இருப்பதை நுட்பமாக விளக்கினர். ஓ வகை மாலை அதில் இறுகப் பொருந்துகிறது. ஏ வகை மாலையின் கூடுதல் மணி இடறுவதால் பிடி தளர்கிறது.

ஆனால் எக்ஸ் கதிர்ப் படம், அசையாமல் நின்று எடுத்த வகுப்புப் புகைப்படத்தைப் போன்றது. சர்க்கரை மாலையோ ஓயாது வளைந்து நெளிந்து ஆடிக்கொண்டே இருப்பது. ஒயிலாட்டத்தைப் புகைப்படத்தில் பார்த்தால் அடவு தெரியுமா? அந்த ஆட்டத்தைக் காட்டவே இன்று கணிப்பொறி உதவுகிறது. ஒவ்வோர் அணுவும் மற்ற அணுக்களை எவ்வளவு விசையுடன் இழுக்கிறது, தள்ளுகிறது என்று கணிப்பொறி கணக்கிட்டு, அணுக்களை இம்மியளவு நகர்த்துகிறது. பின்னர் மறுபடியும் கணக்கிடுகிறது. ஒரு நொடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்துக்கோடி பங்காக்கினால் வரும் காலம்தான் அதன் ஓர் அடி. இவ்வாறு கோடிக்கணக்கான அடிகள் எடுத்துவைத்தால் மாலை ஆடும் விதம் திரையில் தெரிகிறது. நஞ்சின் பிடியில் எந்த மாலை நிலைத்து நிற்கும், எது நழுவும் என்பதைச் சோதனைக் குழாயைத் தொடுமுன்பே ஓரளவு கணிக்க இம்முறை பயன்படுகிறது.

இத்தகைய கணக்குக்கு நம் தமிழகமும் ஒரு முன்னோடி என்பது நமக்குப் பெருமை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் தம் மாணவருடன் 1963இல் புரத மூலக்கூறுகள் எவ்வெவ்வாறு திரும்பலாம் என்பதற்குப் புகழ்பெற்ற வரைபடத்தை அளித்தார். அவருடைய குழுவினரே, வி. எஸ். ஆர். ராவ் என்னும் அறிஞருடன் சேர்ந்து, 1960களில் சர்க்கரைச் சங்கிலிகளின் வளைவுகளையும் கணக்கிட்டனர்.

உயிர் காத்த சர்க்கரை

நஞ்சு பற்றும் இடம் சர்க்கரை, நோயின் கடுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் சர்க்கரை என்று கண்டோம். நோயிலிருந்து காப்பதும் சர்க்கரையே என்பது இன்னொரு விந்தை. டே அவர்களின் ஆய்வு, காலராவில் குடல் அழுகிப் போவதில்லை, நஞ்சால் ஏமாற்றப்பட்டு நீரைக் கொட்டுகிறது என்ற எண்ணத்துக்கு இடம் தந்தது. குடல் சேதமின்றி இருப்பதால், உப்பையும் குளுக்கோஸ் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தால் அது நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் அன்றோ?

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை ஊரான பங்காவுன் அகதிகள் முகாமில் காலரா தாண்டவமாடியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில் இறப்பு நூற்றுக்கு 4க்கும் கீழே குறைந்தது. அது முதல் உலகெங்கும் காக்கப்பட்ட குழந்தைகள் பல கோடி.

இம்முறையை நம் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நலம். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, பேதி கண்டவருக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் இதனினும் சிறந்தது.

புகழுக்கு அப்பால்

இத்துணை பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவரை நம் நாடு எவ்வாறு போற்றியது? இதனை எழுதும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது. நம் நாட்டின் அறிவியல் கழகங்களில் ஒன்று கூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் அப்பரிசுக்கு அவர் பெயரை ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு கிட்டவில்லை. 1973இல் அவர் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, அவர் யார் என்பதை அவருடைய நகரத்து மக்களே அறிந்திருக்கவில்லை.

1978இல் நோபல் அறக்கட்டளை சுவீடன் நாட்டில் காலரா பற்றிய அறிஞர் கூட்டம் ஒன்றை நடத்தியபோது அவரை அழைத்துப் பெருமைப்படுத்தியது. தாம் முடிச்சிட்ட முயல் குடலிலிருந்து கிளைத்த பெரும் விருட்சத்தை அவர் அங்கே கண்டார். 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தம் 70ஆம் வயதில் அவர் மறைந்தார். 1990இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயின்ஸ் இதழ் அவர் நினைவாக ஒரு சிறப்பிதழை வெளியிட்டது. வாழும்போது கிடைக்காத மாலை, மறைந்த பின்னர் வந்து சேர்ந்தது.

நாம் பெறும் பாடம்

அன்பு மாணவியரே! ஓ வகை என்று அட்டையில் இருப்போர் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. கடுமையான மலேரியாவிலிருந்து ஓ வகையினருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு வகை உயர்ந்தது, ஒரு வகை தாழ்ந்தது என்பது இங்கே இல்லை. காய்ச்சிய நீரும், சோப்பிட்டுக் கழுவிய கையும், மூடி வைத்த உணவும், சுத்தமான கழிப்பறையும் நான்கு வகையினரையும் ஒன்றுபோலவே காக்கும்.

டாக்டர் டே அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இன்னொன்று. நோயாளி எங்கே துன்புறுகிறாரோ அங்கேயே அவர் விடையைத் தேடினார். பிறர் சென்ற வழி என்பதற்காக அவர் அதில் செல்லவில்லை. கருவி இல்லை, பணம் இல்லை என்று ஓய்ந்திருக்கவில்லை. பாராட்டு வரவில்லை என்பதற்காக ஆய்வை நிறுத்தவுமில்லை. நம்மில் எவரேனும் ஒருவர் நாளை கணிப்பொறித் திரையில் சர்க்கரை மாலையின் ஆட்டத்தைக் கணக்கிடலாம். இன்னொருவர் செவிலியாகி, நள்ளிரவில் ஒரு குழந்தையின் வாயில் உப்புச் சர்க்கரை நீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டலாம். இருவருமே கரிபாட்டி கிராமத்து அந்த மாணவனின் பணியைத் தொடர்பவர்கள்தாம்.

அடுத்த முறை அடையாள அட்டையை மாட்டும்போது, அதிலுள்ள அந்த ஓர் எழுத்தைப் பார்த்து டாக்டர் சம்புநாத் டே அவர்களை நன்றியுடன் நினைப்போமாக!